விரலுக்கேற்ற மேசை

கிளைபேதா துறைமுகத்தில் கடைசிக் கப்பல்
பதினொன்றரைக்கு. கீல் நகரத்துக்கு.
அதன்பின் விடியும்வரை
தடுப்புக் கம்பியைத் தூக்கச் சொல்லி யாரும் வருவதில்லை.
எட்டுக்கு ஆறடிக் கூண்டு, ஒரு ஹீட்டர்,
யுர்கிதா என்று பெயர் தைத்த சட்டை,
விரிசல் விட்ட கைப்பேசி.

முதலில் சேர்ந்த தளம்
தம்பி வைதோதஸ் சொன்னது.
"பெரிய ஆட்கள் எல்லாம் அங்கேதான்."
பெரிய ஆட்களுக்கு
சின்ன ஆட்கள் எதற்குத் தேவை என்று
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்பது நாற்காலி.
மற்ற எட்டுப் பேரும் ஒரே நேரத்தில்
பன்னிரண்டு மேசைகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
எனக்கு ஒரு மேசைக்கே இரண்டு கண் போதவில்லை.
இரண்டு ராஜாக்கள் வந்த இரவு மூச்சை அடக்கினேன்;
அது திரைக்கு அந்தப்பக்கம் கேட்டதுபோல
எட்டுப் பேரும் சீட்டை மடித்தார்கள்.
பொய் சொன்னபோது மட்டும்
தவறாமல் கூட வந்தார்கள்.
நான்கு இரவு, அறுபது யூரோ.
பனிக்காலக் காலணிக்கு வைத்திருந்த பணம்.

என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஆட்டத்தில்
மீன் என்று பெயராம்.
துறைமுகத்துக்காரிக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தளத்தில் சென்ட் கணக்கு.
சுழலும் சக்கரம், வரவேற்புப் பரிசு,
ஜெயித்தாலும் தோற்றாலும் கைதட்டும் ஒரு கரடி.
இங்கே யாரும் எதையும் மடிப்பதில்லை.
ஏழையும் இரண்டையும் பிடித்துக்கொண்டு
கடைசிவரை வருகிறார்கள்,
டிக்கெட் வாங்கியாயிற்று, படத்தைப் பார்த்துவிட்டே போவோம் என்பதுபோல.

மூன்று சுற்று அடுக்கி
அழகாக ஒரு பொய் கட்டினேன்.
ஒருவருக்கும் புரியவில்லை.
ஏமாறுவதற்கும்
கொஞ்சம் விவரம் வேண்டும் போல.

பொய்யை விட்டேன். நல்ல சீட்டுக்கு மட்டும் பந்தயம்.
மற்ற நேரம் ஹீட்டரில் கால் காய்ச்சினேன்.
ஏழு வாரத்தில் காலணி வந்தது,
கூடவே ஒரு ஜோடி கம்பளிக் காலுறை.

கொடுத்தவர்களில் பெரும்பங்கு கடற்காகம் 74.
மூன்று நாற்பதுக்கு வருவான்.
ஐந்து யூரோ வைப்பான், தோற்பான், இன்னொரு ஐந்து வைப்பான்.
எழும்போது எங்கள் மொழியில் ஒரே சொல் தட்டுவான்:
நாளைக்கு.
அப்போது மணி நான்கு நாற்பத்தைந்து.
நான்கு ஐம்பதுக்கு
காலை ஷிப்ட் பேருந்து என் கம்பிக்கு முன்னால் நிற்கும்.

இறங்குகிறவர்களின் கண்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.
யாருடையது சிவந்திருக்கிறது?
எல்லோருடையதும்.

ஒரு கிரேன்காரன்
"புதுக் காலணியா?" என்றான்.
ஆமாம் என்று சொல்ல
தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டேன்.

இப்போது மூன்றாவது தளம்.
கரடி இல்லை. இருபது மேசைக்காரர்களும் இல்லை.
ஒரு பந்தயத்துக்கு ஒன்பது, பத்து நொடி யோசிக்கிறவர்கள்,
என்னைப் போலவே தவறு செய்து
என்னைப் போலவே அடுத்த கையில் கோபப்படுகிறவர்கள்.
ஒரு மாதக் கணக்கு: ஒரு யூரோ நாற்பது லாபம்.
"இதற்குப் பேர் ஆட்டமா?" என்று சிரித்தான் வைதோதஸ்.
விரலுக்குத் தகுந்த வீக்கம், என்றேன்.
அவன் இன்னும் பெரிய ஆட்களோடுதான்;
போன வாரம் என்னிடம் முப்பது கடன் கேட்டான்.

ஆனாலும் மூன்று நாற்பதுக்குக்
கரடித் தளத்தை ஒருமுறை திறக்கிறேன்.
உட்காருவதில்லை.
அந்தப் பெயர் இருக்கிறதா என்று மட்டும்.
பெரும்பாலும் இருக்கிறது. எதிரே வேறு யாரோ,
நிதானமாக, நல்ல சீட்டுக்கு மட்டும்.

வியாழக்கிழமை இல்லை.
நான்கு ஐம்பதுக்குப் பேருந்து வந்தது.
எண்ணினேன். பதினான்கு பேர்,
எப்போதும்போல்.
கம்பியைத் தூக்கினேன்.